கடைசிக் கட்டத்தில் நின்றுபோன எடை

துவாக்குடியில் எல்லாமே எடைக்கணக்கு. திருச்சியிலிருந்து தஞ்சாவூர் போகும் சாலையில் திருவெறும்பூரைத் தாண்டி வரும் இந்த ஊர், 1965இல் இங்கே வந்த பாரத மிகுமின் நிறுவனத்தின் கொதிகலன் ஆலையை ஒட்டி வளர்ந்தது. தொழிற்பேட்டையின் பட்டறைகளில் பெரும்பாலானவை அந்த ஆலையின் வேலையை நம்பிப் பிறந்தவை. தகடும் குழாயும் ஆங்கிளும் பெரிய ஆலையிலிருந்து ‘ஃப்ரீ இஷ்யூ’வாக வரும். பட்டறைக்காரர் அவற்றை வெட்டி, வளைத்து, வெல்டிங் செய்து, திருப்பி அனுப்புவார். இரும்பு அவருடையது இல்லை, கூலி மட்டுமே அவருடையது. ஆகவே வந்த எடை எவ்வளவு, பொருளாகிப் போன எடை எவ்வளவு, மிச்சத் துண்டு எவ்வளவு, ஸ்கிராப் எவ்வளவு என்று ஒவ்வொரு கிலோவுக்கும் அவர் பதில் சொல்லியாக வேண்டும். கொதிகலன் பாகம் என்றால் ஒவ்வொரு தகட்டுக்கும் ஹீட் நம்பர் உண்டு. எந்த உருக்கில் வார்த்த இரும்பு எந்தப் பாகத்தில் போயிற்று என்பதும் ஏட்டில் இருக்க வேண்டும்.

இந்தக் கணக்கைத் தடித்த அட்டைப் பதிவேடுகள் சுமந்த காலம் ஒன்று. 90களில் அது கணினித் திரைக்கு வந்தது. அன்றைக்குத் திரையில் இருந்தது படிவம் மட்டும். பிறகு விண்டோஸ் வந்தபோது படிவத்துக்கு மேலே ஒரு டூல்பார் சேர்ந்தது. பார்வைக்குச் சின்ன மாற்றம்தான். ஆனால் படிவமும் டூல்பாரும் ஒரே மாதிரி நடந்துகொள்பவை அல்ல. அந்த வேறுபாடு புரியாமல் போனதால் ஸ்டோர்ஸ் அறைகளில் எத்தனையோ பேர், குறிப்பாக என்ட்ரி போட உட்கார்ந்த பெண்கள், செய்யாத தவறுக்குப் பேச்சு வாங்கினார்கள். அதற்காகவே இதை எழுதுகிறேன்.

டாஸ் காலத்து ஃபாக்ஸ்ப்ரோ திரையை நினைவிருப்பவர்களுக்கு அதன் நிறம்கூட நினைவிருக்கும். குறுக்கே 80 எழுத்து, நெடுக்கே 25 வரி. மவுஸ் வாங்கும் பழக்கம் பெரும்பாலான பட்டறைகளுக்கு அப்போது இல்லை. திருச்சியின் தில்லைநகரிலும் சத்திரம் பேருந்து நிலையம் பக்கத்திலும் இருந்த கணினி மையங்களில் படித்துவிட்டு வந்த இளைஞர்கள்தான் இந்தப் புரோகிராம்களை எழுதினார்கள். அவர்கள் படித்தது டிபேஸ், பிறகு ஃபாக்ஸ்பேஸ், பிறகு ஃபாக்ஸ்ப்ரோ. மூன்றும் ஒரே குடும்பம். அமெரிக்காவின் ஜெட் புரொபல்ஷன் ஆய்வகத்தில் வேலை பார்த்த வேன் ராட்லிஃப் எழுதிய ‘வல்கன்’ என்ற நிரலை ஆஷ்டன்-டேட் நிறுவனம் டிபேஸ் II என்று விற்றது. ஒஹாயோவின் ஃபாக்ஸ் சாஃப்ட்வேர் அதே மொழியை இன்னும் வேகமாக ஓடவைத்தது. 1992இல் அந்த நிறுவனத்தையே மைக்ரோசாஃப்ட் வாங்கிக்கொண்டது. மொழி எளிது, கோப்பு சிறிது, சாதாரணக் கணினியிலும் ஓடும். இந்தியாவின் பல சிறுதொழில்களின் கணக்கு ஒரு தலைமுறைக்கு இந்த மொழியில் நடந்தது.

அந்த மொழியில் படிவம் எழுதுவது எப்படி என்றால், எத்தனையாவது வரியில், எத்தனையாவது எழுத்தில் கட்டம் தொடங்க வேண்டும் என்று ‘சே’யும் ‘கெட்’டும் போட்டு ஒவ்வொரு கட்டமாக எழுத வேண்டும். சலான் எண், தேதி, பொருள், ஹீட் நம்பர், எண்ணிக்கை, எடை. கடைசியில் ‘ரீட்’ என்று ஒரு சொல். அந்த ‘ரீட்’ வந்ததும் புரோகிராம் அப்படியே நின்றுவிடும். படிவம் முடியும்வரை அடுத்த வரிக்கு அது நகராது. கர்சர் முதல் கட்டத்தில் நிற்கும். எண்டர் தட்டினால் அடுத்த கட்டம். எடைக் கட்டத்தோடு ‘வேலிட்’ என்று ஒரு நிபந்தனை சேர்த்திருந்தால், பூஜ்யம் அடித்துவிட்டு யாரும் அங்கிருந்து நகர முடியாது. கடைசிக் கட்டத்திலும் எண்டர் தட்டிய பிறகுதான் ‘ரீட்’ முடியும். அதன் பிறகுதான் அடித்த மதிப்புகளை எடுத்துக்கொண்டு ‘ரீப்ளேஸ்’ கட்டளை அட்டவணையில் எழுதும்.

இங்கே சேமிப்பது என்பது தனியான ஒரு செயலே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். படிவத்தின் கடைசிப் படிதான் சேமிப்பு. நடுவிலேயே முடிக்க நினைத்து கண்ட்ரோலும் டபிள்யூவும் சேர்த்து அடித்தால்கூட, கர்சர் நின்ற கட்டத்தில் இருப்பதை வாங்கிக்கொண்டுதான் படிவம் முடியும். வேண்டாமென்றால் எஸ்கேப். மூன்றாவது வழி கிடையாது. அந்தக் கண்டிப்பைப் பலர் குறை சொல்வார்கள். ஒரு கட்டத்தை விட்டு வேறொன்றுக்குத் தாவ முடியாது, நடுவில் இன்னொரு சலானைத் திறந்து பார்க்க முடியாது, வாடிக்கையாளர் போனில் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமானால் பாதி என்ட்ரியை அழித்துவிட்டுத்தான் போக வேண்டும். எல்லாம் உண்மை. ஆனால் அடித்தது ஏறாமல் போகாது. திரையில் தெரியும் எண்ணும் கோப்பில் இருக்கும் எண்ணும் வேறாக இருக்க அந்த அமைப்பில் இடமில்லை.

அந்த நாட்களின் ஸ்டோர்ஸ் அறைக்கு ஒரு தாளம் உண்டு. டிவிஎஸ் கோல்டு கீபோர்டின் தட்டும் சத்தம், பக்கத்தில் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் கார்பன் வைத்த சலானைக் கிறீச்சிட்டு அடிக்கும் சத்தம், வெளியே கிரைண்டரின் சத்தம். கலால் வரி விதி 57எஃப்-இன் கீழ் ஜாப் ஒர்க்குக்குப் போகும் பொருளுக்கு ஒரு சலான், திரும்பி வந்தால் அதே சலானில் ஒரு பதிவு. பழகிய ஒருவர் திரையைப் பார்க்கவே மாட்டார். கண் கையெழுத்துச் சலானில் இருக்கும். கை எண், எண்டர், எண், எண்டர் என்று போய்க்கொண்டே இருக்கும். மின்சாரம் போனால் இண்டெக்ஸ் கெட்டுவிடும், மறுபடி வந்ததும் ரீஇண்டெக்ஸ் போட வேண்டும். அது தனித் தலைவலி. ஆனால் படிவம் ஏமாற்றியதில்லை.

1995இல் விஷுவல் ஃபாக்ஸ்ப்ரோ வந்தது. துவாக்குடிக்கு அது மெதுவாகத்தான் வந்து சேர்ந்தது. விண்டோஸ் 98 போட்ட கணினிகள் பரவிய பிறகுதான் பட்டறை முதலாளிகள் ‘விண்டோஸ்ல ஓடுற மாதிரி மாத்திக் குடுங்க’ என்று கேட்க ஆரம்பித்தார்கள். புதிய முறையில் புரோகிராம் எங்கேயும் நின்று காத்திருப்பதில்லை. படிவம் திரையில் இருக்கும், பயன்படுத்துபவர் எதைத் தொடுகிறாரோ அதற்கான நிரல் ஓடும். எந்தக் கட்டத்தில் வேண்டுமானாலும் கிளிக் செய்யலாம். இரண்டு படிவம் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைக்கலாம். மேலே வரிசையாகப் படம் போட்ட பொத்தான்கள்: புதியது, சேமி, நீக்கு, முந்தையது, அடுத்தது, அச்சு. அதுதான் டூல்பார். வேர்டிலும் எக்செலிலும் பார்த்த அதே அழகு. அதில் இருக்கும் ஃபிளாப்பி படம் சேமிப்புக்கான அடையாளம் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

படிவத்துக்குள் ஒரு ‘சேமி’ பொத்தான் வைத்தாலும் மேலே டூல்பாரில் வைத்தாலும் ஒன்றுதானே என்று தோன்றும். இல்லை. கட்டத்தில் இருக்கும் கர்சருக்கு ஃபோகஸ் என்று பெயர். எந்தக் கட்டத்தில் ஃபோகஸ் இருக்கிறதோ அது தன்னுள் அடிக்கப்படும் எழுத்துகளைத் தற்காலிகமாகத் தானே வைத்திருக்கும். ஃபோகஸ் வேறிடம் போகும் கணத்தில்தான் ‘வேலிட்’ நிபந்தனை ஓடும், மதிப்பு அட்டவணையின் இடைத்தேக்கத்துக்குப் போய்ச் சேரும். படிவத்துக்குள் இருக்கும் பொத்தானை அழுத்தினால் ஃபோகஸ் அந்தப் பொத்தானுக்கு நகரும். ஆக, கட்டம் தன்னிடம் இருப்பதை ஒப்படைத்த பிறகுதான் பொத்தானின் வேலை தொடங்கும். டூல்பார் பொத்தானோ ஃபோகஸை வாங்கிக்கொள்வதில்லை. ஜன்னலுக்கு வெளியே நின்று ஒரு வேலை சொல்லும் ஆளைப் போன்றது அது. உள்ளே உட்கார்ந்திருப்பவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே மாட்டார். கர்சர் எடைக் கட்டத்திலேயே துடித்துக்கொண்டிருக்கும், அடித்த எடை கட்டத்துக்குள்ளேயே இருக்கும், சேமிப்பு நிரல் ஓடி முடிந்துவிடும்.

விளைவு எப்படி இருக்கும் என்று பாருங்கள். திரையில் எடை தெரிகிறது. ‘சேமிக்கப்பட்டது’ என்று செய்தி வருகிறது. கோப்பில் எடை பூஜ்யம், அல்லது திருத்துவதற்கு முன் இருந்த பழைய எடை. மற்ற எல்லாக் கட்டமும் சரியாக ஏறியிருக்கும். கடைசியாகத் தொட்ட ஒன்று மட்டும் ஏறாது. சலான் படிவத்தில் கடைசிக் கட்டம் பெரும்பாலும் எடைதான். எடையே கணக்கான ஓர் ஊரில், போகக்கூடாத எண்ணே போயிற்று.

ஒரு பட்டறையில் நடந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். மாதக் கடைசியில் ஃப்ரீ இஷ்யூ கணக்கைப் பொருத்திப் பார்க்கையில் டன் கணக்கில் இரும்பு இடித்தது. சலான் கட்டை எடுத்து ஒவ்வொன்றாகத் திரையோடு ஒப்பிட்டதில் சில பதிவுகளில் எடை இல்லை. எல்லாமே புதிதாகச் சேர்ந்த பெண் போட்ட பதிவுகள். அதே அறையில் டாஸ் காலத்திலிருந்து வேலை பார்த்த மூத்தவர் போட்டதில் ஒன்றுகூடப் பிசகவில்லை.

“நான் அடிச்சேன் சார், கண்ணால பார்த்துட்டுத்தான் சேவ் பண்ணேன்,” என்று அந்தப் பெண் சொன்னார்.

“அடிச்சா ஏறாம எங்கேம்மா போகும்? அக்கா போட்டது மட்டும் எப்படி ஏறுது?” என்று கேட்டார் முதலாளி. அந்தக் கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை.

பதில் அவர்கள் இருவரின் கைப்பழக்கத்தில் இருந்தது. மூத்தவருக்கு எண் அடித்தால் உடனே எண்டர் தட்ட வேண்டும். டாஸ் படிவம் பல வருடம் பழக்கிய பழக்கம் அது. எடை அடித்து எண்டர் தட்டியதும் ஃபோகஸ் அடுத்த இடத்துக்குப் போய்விடும், எடை ஒப்படைக்கப்பட்டுவிடும், பிறகு அவர் டூல்பாரில் என்ன அழுத்தினாலும் கவலை இல்லை. புதியவர் விண்டோஸில் படித்தவர். எடை அடித்ததும் கை நேராக மவுஸுக்குப் போகும், மேலே ஃபிளாப்பி படத்தை அழுத்தும். விண்டோஸ் எப்படிச் சொல்லிக்கொடுத்ததோ அப்படியே செய்தார். மென்பொருளைச் சரியாகப் பயன்படுத்தியவர்தான் குற்றவாளி ஆனார். இது ஒரு பட்டறையின் கதை மட்டும் இல்லை. டூல்பாரில் சேமிப்பு வைத்த எந்த ஊர் மென்பொருளிலும் இது நடந்தது, கவனமில்லாமல் எழுதினால் இன்றும் நடக்கும்.

டூல்பார் ஏன் அப்படி நடந்துகொள்கிறது என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். அது பிழை இல்லை. டூல்பார் பிறந்தது எழுத்து வேலைக்காக. வேர்டில் ஒரு வரியைத் தேர்ந்தெடுத்துவிட்டு மேலே தடித்த எழுத்துக்கான பொத்தானை அழுத்துகிறீர்கள். அந்தப் பொத்தான் ஃபோகஸை வாங்கிக்கொண்டால் தட்டச்சைத் தொடர ஒவ்வொரு முறையும் ஆவணத்துக்குள் திரும்பவும் கிளிக் செய்ய வேண்டியிருக்கும். நகலெடு, ஒட்டு என்று எதை அழுத்தினாலும் அது கர்சர் நிற்கும் இடத்தில் நடக்க வேண்டும் என்றால் கர்சர் அசையாமல் இருக்க வேண்டும். ஆவணத்துக்கு அது சரியான குணம். ஆவணத்தில் பாதி அடித்த சொல் என்று ஒன்று கிடையாது, அடித்த எழுத்து அந்த நொடியே ஆவணத்தின் பகுதி. தரவுப் பதிவு அப்படி இல்லை. அங்கே அடிப்பது வேறு, ஒப்படைப்பது வேறு, சேமிப்பது வேறு. மூன்று படி. எழுத்து வேலைக்குச் செய்த கருவியைப் பதிவு வேலைக்கு அப்படியே எடுத்து வைத்ததில்தான் நடுப்படி தவறிப் போயிற்று.

இதற்கு மருந்து மிகச் சிறியது. விஷுவல் ஃபாக்ஸ்ப்ரோவில், சேமிப்பு நிரலின் முதல் வேலையாக, எந்தக் கட்டம் இப்போது செயலில் இருக்கிறதோ அதற்கே மறுபடி ‘செட்ஃபோகஸ்’ சொன்னால் போதும். கட்டம் தன்னிடம் இருப்பதை ஒப்படைத்துவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளும். அதன் பிறகு கோப்பில் எழுதும் ‘டேபிள்அப்டேட்’. ஒரே வரிதான் கூடுதல். அந்த ஒரு வரி இல்லாததால் போன எடைகளை நினைத்தால் மனம் பொறுக்கவில்லை.

இன்னொரு வேறுபாடும் உண்டு, அது புரோகிராம் எழுதியவர்களைத்தான் அதிகம் அலைக்கழித்தது. விஷுவல் ஃபாக்ஸ்ப்ரோவின் ஒவ்வொரு படிவத்துக்கும் தனித் தரவு அமர்வு கொடுக்கலாம். ஒரே சலான் அட்டவணையை இரண்டு படிவத்தில் திறந்தால் ஒன்றில் பத்தாவது பதிவிலும் மற்றொன்றில் நூறாவது பதிவிலும் நிற்கலாம், ஒன்றை ஒன்று தொந்தரவு செய்யாது. டூல்பாரோ பொதுவான அமர்வில் இருக்கும். ‘அடுத்தது’ பொத்தானுக்குள்ளேயே அடுத்த பதிவுக்குப் போகும் கட்டளையை எழுதினால், அது படிவத்தின் அட்டவணையில் நடக்காமல் வேறெங்கோ நடக்கும், அல்லது அப்படி ஓர் அட்டவணையே திறந்திருக்கவில்லை என்று பிழை வரும். அனுபவப்பட்டவர்கள் கண்டுகொண்ட வழி ஒன்றுதான்: டூல்பாருக்கு எந்த வேலையும் தெரிந்திருக்கக் கூடாது. செயலில் இருக்கும் படிவத்தைக் கூப்பிட்டு ‘நீ சேமி’, ‘நீ அடுத்ததுக்குப் போ’ என்று சொல்வதோடு அது நிற்க வேண்டும். எப்படிச் சேமிப்பது என்பது படிவத்தின் பொறுப்பு. நான் பார்த்த நல்ல மென்பொருள்கள் எல்லாம் இந்தப் பிரிவைக் காப்பாற்றியவை.

மற்ற மொழிகளும் இந்த இடத்தைக் கடந்தே வந்தன. 1998இல் வந்த விஷுவல் பேசிக் 6இலும் டூல்பார் ஃபோகஸ் வாங்குவதில்லை. அதற்காகவே படிவத்தில் ‘வேலிடேட்கண்ட்ரோல்ஸ்’ என்று ஒரு கட்டளை கொடுத்திருந்தார்கள். தெரிந்தவர்கள் பயன்படுத்தினார்கள். டாட்நெட்டில் விஷுவல் ஸ்டூடியோ தானாக எழுதித் தரும் சேமிப்பு நிரலைத் திறந்து பார்த்தால் முதல் வரியே ‘வேலிடேட்’, இரண்டாவது ‘எண்ட்எடிட்’, அதற்குப் பிறகுதான் தரவுத்தளத்துக்கு அனுப்புவது. டூல்பாரில் இருக்கும் சேமிப்புப் பொத்தானுக்கு அது தேவை என்று கருவியைச் செய்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்த வரி எதற்கு என்று புரியாமல் நீக்கிவிட்ட நிரல்களும் உண்டு. டெல்ஃபி இதில் ஒரு படி மேலே போனது. அங்கே ‘போஸ்ட்’ என்றதும் தரவுத்தொகுப்பே தன்னோடு இணைந்த கட்டங்களைக் கூப்பிட்டு, வைத்திருப்பதை ஒப்படைக்கச் சொல்லிவிடும். நிரல் எழுதுபவர் மறந்தாலும் கருவி மறக்காது. இந்த மூன்றில் எது சிறந்த வடிவமைப்பு என்று கேட்டால் தயங்காமல் டெல்ஃபி என்பேன். ஊரெங்கும் பலர் எழுதும் ஒரு கருவியில், ஒவ்வொருவரும் நினைவு வைத்துக்கொள்வார்கள் என்று விட்டுவிடுவது சரியில்லை.

2007 மார்ச்சில், விஷுவல் ஃபாக்ஸ்ப்ரோவுக்கு இனி அடுத்த பதிப்பு கிடையாது என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. 2004இல் வந்த ஒன்பதாம் பதிப்பே கடைசி. அதற்கான ஆதரவும் 2015 ஜனவரியோடு முடிந்தது. ஆனால் மென்பொருள் நின்றுவிடவில்லை. அந்த ஒன்பதாம் பதிப்பில் எழுதியவை இன்றைய விண்டோஸிலும் ஓடும். டாஸ் ஃபாக்ஸ்ப்ரோவுக்குத்தான் வழி அடைபட்டது. 64-பிட் விண்டோஸ் அதை நேரடியாக ஓட்டாது.

அன்றைய துவாக்குடியும் அப்படியே இல்லை. அனல் மின்நிலைய ஆர்டர்கள் குறைந்தபோது பல பட்டறைகள் தள்ளாடின, சில மூடின. மற்றவை வேறு வேலை தேடிக்கொண்டன. 57எஃப் சலான் போய், சென்வாட் விதிகள் வந்து, 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தது. இப்போது ஜாப் ஒர்க்குக்குப் போன மூலப்பொருள் ஓராண்டுக்குள் திரும்ப வேண்டும். 2018இலிருந்து லாரி கிளம்புவதற்கு முன் இ-வே பில் வேண்டும். எல்லாம் பிரவுசரில். ஸ்டோர்ஸ் அறையில் பிரிண்டர் சத்தம் அடங்கிவிட்டது. லேப்டாப்பில் ஒரு தாவலில் அரசு இணையதளம், இன்னொன்றில் நிறுவனத்தின் கிளவுட் மென்பொருள், கையில் செல்போன்.

பிரவுசரில் படிவம் மறுபடி தன் பழைய இயல்புக்குத் திரும்பிவிட்டது போலத் தோன்றும். ‘சமர்ப்பி’ பொத்தான் பக்கத்துக்குள்ளேயே இருக்கிறது. அதை அழுத்தப் போகும்போது கட்டம் ஃபோகஸை இழக்கிறது, மதிப்பு போய்ச் சேர்கிறது, பிறகுதான் சமர்ப்பிப்பு. அந்தப் பெண்ணுக்கு நேர்ந்தது இங்கே மவுஸால் நேராது. ஆனால் அதே பள்ளம் வேறிடத்தில் இருக்கிறது. இணையப் படிவத்தில் எழுத்துக் கட்டத்துக்கு இரண்டு நிகழ்வுகள் உண்டு. ‘இன்புட்’ ஒவ்வொரு தட்டலுக்கும் நடக்கும். ‘சேஞ்ச்’ பொதுவாகக் கட்டத்தை விட்டு வெளியேறும்போது அல்லது எண்டர் தட்டும்போதுதான் நடக்கும். ஒருவர் ‘சேஞ்ச்’ நிகழ்வை நம்பி எழுதிவிட்டு, வேகமாக வேலை செய்பவர்களுக்கு வசதியாக கண்ட்ரோல்-எஸ் விசையில் சேமிப்பையும் வைக்கிறார் என்று கொள்ளுங்கள். எடை அடித்ததும் கண்ட்ரோல்-எஸ். ஃபோகஸ் நகரவில்லை. ‘சேஞ்ச்’ நடக்கவில்லை. எடை ஏறவில்லை. இருபத்தைந்து வருடத்துக்கு முந்தைய அதே பிழை, புது மொழியில்.

விசித்திரம் என்னவென்றால், இப்போது ஆபத்து யாருக்கு என்பது தலைகீழாகிவிட்டது. அன்று மவுஸ்காரர் மாட்டினார், விசைக்காரர் தப்பினார். இன்று கீபோர்டிலேயே எல்லாம் செய்யும் வேகமான ஆள்தான் மாட்டுவார். இன்றைய கருவிகளில் சில இதற்கு விடை வைத்திருக்கின்றன. ரியாக்டில் ‘ஆன்சேஞ்ச்’ என்று எழுதினாலும் உள்ளே அது ஒவ்வொரு தட்டலுக்கும் நடப்பதாகவே அமைத்திருக்கிறார்கள், ஆகவே திரையும் நினைவகமும் பிரிவதில்லை. வேறு சில கருவிகளில் வெளியேறும்போது மட்டும் எடுத்துக்கொள் என்று அமைக்க முடியும். அப்படி அமைத்தவர் சேமிக்கும் இடத்திலும் அதை நினைவில் கொள்ள வேண்டும்.

இத்தனை மாற்றத்துக்கும் நடுவே இந்த அறைகளில் டாஸ் படிவத்தின் ஒழுங்கை இன்னும் விடாமல் வைத்திருக்கும் ஒரு மென்பொருள் உண்டு. டாலி. 1986இல் பெங்களூரில் தொடங்கிய அந்த நிறுவனத்தின் மென்பொருளில் வவுச்சர் போடும்போது இன்றும் எண்டர், எண்டர் என்றே போகலாம். கடைசியில் ஏற்றுக்கொள்ளலாமா என்று கேட்கும், ஆம் என்றால் பதிவாகும். வலப்பக்கம் பொத்தான் வரிசை இருக்கிறது, ஆனால் பதிவின் முடிவு படிவத்துக்குள்ளேதான். பார்க்கப் பழைய மாதிரி இருக்கிறது என்று இளையவர்கள் சொல்வார்கள். நாட்டின் சிறுதொழில் கணக்காளர்கள் அதை ஏன் விடவில்லை என்பதற்குப் பல காரணம் இருக்கலாம். கை அடித்த எண் கணக்கில் ஏறியது என்ற நிச்சயம் அதில் ஒன்று என்றே நான் நம்புகிறேன்.

டாஸ் படிவமே மேல், அதற்கே திரும்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இரண்டு சலானைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடும் வசதி, தேடும் வசதி, நடுவில் போன் வந்தால் எழுந்து போய் வரும் வசதி எல்லாம் விண்டோஸ் கொடுத்தவை. அவற்றை அனுபவித்தவர் பழைய திரைக்குப் போக மாட்டார். ஆனால் அன்று படிவம் தானே சுமந்த பொறுப்பு ஒன்று டூல்பார் வந்தபோது புரோகிராம் எழுதுபவரின் தலைக்கு மாறியது. அந்தக் கைமாற்றத்தை அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கணினி மையப் பாடத்தில் டூல்பாரை எப்படி வரைவது என்று இருந்தது, அது எப்படி நடந்துகொள்ளும் என்று இல்லை. அந்த இடைவெளியின் செலவை மாதச் சம்பளத்துக்கு என்ட்ரி போட்டவர்கள் ஏற்றார்கள்.

துவாக்குடியின் ஒரு பக்கம் 1964இல் மண்டலப் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கி 2003இல் தேசியத் தொழில்நுட்பக் கழகமான பெரிய நிறுவனம் இருக்கிறது. அங்கே நிரலாக்கம் படிப்பவர்களும் சுற்றியுள்ள பாலிடெக்னிக், கலைக்கல்லூரி மாணவர்களும் படிக்கும் காலத்திலேயே ஒரு முறை பக்கத்துத் தொழிற்பேட்டையின் ஸ்டோர்ஸ் அறை ஒன்றில் அரை நாள் உட்கார்ந்து, அங்கே ஒருவர் எப்படி எண் அடிக்கிறார், அடித்ததும் கை எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன். திரை எழுதுபவருக்கு அதைவிடப் பயனுள்ள பாடம் எனக்குத் தெரியாது.

மென்பொருள் வாங்கும் பட்டறை முதலாளிகளுக்கும் கணக்கர்களுக்கும் ஒரு வேண்டுகோள். புதிய மென்பொருளைக் காட்ட ஆள் வரும்போது ஒரு சலானைத் திறந்து கடைசிக் கட்டத்தில் எடையை மாற்றி அடியுங்கள். எண்டரோ டேபோ தட்டாதீர்கள். நேராக மேலே இருக்கும் சேமிப்புப் படத்தை அழுத்துங்கள். படிவத்தை மூடி மறுபடி திறந்து எடையைப் பாருங்கள். அடுத்து, அதையே கண்ட்ரோல்-எஸ் வைத்துச் செய்து பாருங்கள். இரண்டிலும் புது எடை வந்தால் வாங்குங்கள். ஏற்கெனவே வாங்கிய மென்பொருளில் பழைய எடை வந்தால், என்ட்ரி போடுபவரைக் கூப்பிட்டுக் கேட்காதீர்கள். எழுதிக் கொடுத்தவரைக் கூப்பிடுங்கள்.